எலக்ட்ரிக்கிலிருந்து அகூஸ்டிக் கிட்டாருக்கு: சேலத்தில் செட் செய்து ஏற்காட்டில் வாசித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆள், கருவி, தேவை

சேலம் அம்மாப்பேட்டைக்காரர், வயது 27. ஆறு வருடமாக எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறார். ஞாயிறு ஆராதனையில் லீட், மாதம் ஒன்றிரண்டு மெல்லிசைக் கச்சேரி. கையில் இருப்பது ஸ்ட்ராட் வடிவக் கிட்டார், 9–42 கம்பி செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). 12ஆம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) தடித்த கம்பிக்கு அடியில் 1.6 மி.மீ. இடைவெளி. தொட்டால் போதும், ஒலிக்கும்.

இப்போது அவருக்கு இரண்டு புது வேலைகள் வந்திருக்கின்றன. டிசம்பரில் தெருத் தெருவாகப் போகும் கேரல் ஒன்று. ஆம்ப் (ஒலிபெருக்கி) கிடையாது, நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். இன்னொன்று, சனிக்கிழமை சாயங்காலங்களில் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் கேம்ப்ஃபயரைச் சுற்றி இரண்டு மணி நேரப் பாட்டு. இரண்டுக்கும் அகூஸ்டிக்தான் வேண்டும்.

இவர் தனி ஒருவர் அல்லர். இதே வழியில் இதே இடங்களில் தடுக்கி விழுகிற பலரைச் சேர்த்து ஓர் ஆளாக வரைந்திருக்கிறோம். இங்கே வரும் அளவுகள், செட் செய்யாமல், அதாவது கம்பி உயரத்தைக் கைக்கேற்பத் திருத்தாமல், கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற சாதாரண விலைக் கிட்டார்களில் காணக்கூடியவை.

முதல் கிட்டாரும் மூன்று வாரமும்

கடையில் ட்ரெட்நாட் என்னும் பெரிய பெட்டி அகூஸ்டிக் ஒன்றை எடுத்து ஒரு ஜி கார்டு தட்டினார். ஆம்ப் இல்லாமலே மார்பில் அதிர்கிற அந்த முழக்கம், எலக்ட்ரிக்கில் பழகிய காதுக்குப் பெரிய ஈர்ப்பு. அன்றே வாங்கிவிட்டார்.

இரண்டாம் நாள் எஃப் பார் கார்டு, ஒரே விரலால் கம்பிகள் எல்லாவற்றையும் குறுக்கே அழுத்திப் பிடிப்பது, நிற்கவில்லை. முதல் வார முடிவில் இடது கைக் கட்டைவிரலின் அடிச்சதை வலித்தது. மூன்றாம் வாரம் வலது தோள்பட்டையும் சேர்ந்துகொண்டது. கடைக்குத் திரும்பப் போனபோது கிடைத்த பதில்: "விரல் காய்ச்சிடும் தம்பி, ரெண்டு மாசம் பொறுத்துக்குங்க."

இது அன்போடு சொல்லப்படுகிற பதில்தான். புதிதாகக் கற்கும் பையனுக்கு ஓரளவு பொருந்தவும் செய்யும். ஆறு வருடம் வாசித்தவருக்குப் பொருந்தாது. அவர் விரல் நுனியில் காய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது, கார்டு வடிவங்கள் கைக்குத் தெரியும். தடித்த கம்பியால் முதல் வாரம் நுனி எரிவது இயல்பு. ஆனால் அவரிடம் இருந்த அடையாளம் வேறு: அதே பார் கார்டு ஏழாவது ஃப்ரெட்டில் சுத்தமாக ஒலித்தது, முதல் ஃப்ரெட்டில் மட்டும் செத்துப்போனது. விரலில் பலம் இல்லையென்றால் இரண்டு இடத்திலும் அல்லவா சாக வேண்டும்?

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை) முதல் ஃப்ரெட்டில் மாட்டி, அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் எஃப் வடிவத்தையே பிடிக்க வேண்டும். கேப்போ ஏறியதும் நட், அதாவது கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட கட்டை, கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. கம்பிகள் முதல் ஃப்ரெட்டின் உயரத்திலிருந்து புறப்படுகின்றன. கார்டு சட்டென்று இலகுவானால் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதவில்லை. கொஞ்சமும் மாறாவிட்டால் கழுத்தின் வளைவு, சேடில் (பெட்டியின்மேல் ஒட்டிய பிரிட்ஜ் மரத்தில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) உயரம், கம்பியின் கனம் ஆகியவற்றில் தேட வேண்டும். இவருக்குச் சட்டென்று இலகுவானது. கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் மூன்று வார வலி தவிர்ந்திருக்கும்.

அளந்து பார்த்ததில் கிடைத்தவை இவை. திறந்த கம்பிக்கும் முதல் ஃப்ரெட்டின் உச்சிக்கும் இடையே தடித்த ஈ கம்பியில் 0.9 மி.மீ., மெல்லிய ஈ-யில் 0.65 மி.மீ. 12ஆம் ஃப்ரெட்டில் 3.2, 2.5 மி.மீ. கழுத்தின் நடுவளைவு 0.4 மி.மீ. கம்பி 12–53. நான்குமே கூடுதல், நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக விரலில் இறங்குகின்றன. அதிகம் கெடுத்தது நட்தான். முதல் ஃப்ரெட்டுக்குப் பக்கத்திலேயே கம்பி நட்டில் கட்டுண்டு நிற்பதால், அங்கே 0.4 மி.மீ. கூடுதல் உயரம் என்பது 12ஆம் ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் கூடுவதைவிடக் கடுமையாகத் தெரியும். போதாததற்கு, அவ்வளவு தூரம் அழுத்தும்போது கம்பி நீண்டு சுருதியும் ஏறிவிடும். ட்யூனரில் ஆறு கம்பியும் சரியாக இருந்தும் சி கார்டும் எஃப் கார்டும் பிசிறடித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நட்டைத்தான்.

இழுவைக் கணக்கு

648 மி.மீ. ஸ்கேல் நீளத்தில் (நட்டிலிருந்து சேடில் வரை கம்பி அதிரும் நீளம்), ஸ்டாண்டர்டு ட்யூனிங்கில், 9–42 எலக்ட்ரிக் செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 39 கிலோ இழுக்கின்றன. 10–46 செட் சுமார் 47 கிலோ. அகூஸ்டிக் 12–53 சுமார் 74 கிலோ. ஏறத்தாழ இரு மடங்கு. 11–52 எடுத்தால் சுமார் 67, 10–47 எடுத்தால் 60 கிலோவுக்குப் பக்கம்.

ஸ்கேல் நீளமும் இதில் பேசுகிறது. ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 650 மி.மீ. ஸ்கேலிலிருந்து 634 மி.மீ.க்கு வந்தால் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். 12–53 போட்ட 650-ஐ விட்டு 11–52 போட்ட 634-க்கு வந்தவர் பத்து கிலோ இறக்கிவைத்தவர் ஆகிறார்.

மூன்றாவது கம்பி தனிக் கதை. எலக்ட்ரிக்கில் ஜி சுற்றில்லாத வெறும் கம்பி, 0.016 அல்லது 0.017 அங்குலம். அகூஸ்டிக்கில் அது வெண்கலம் சுற்றியது. 12 செட்டில் 0.024, 11 செட்டில் 0.022. பெண்ட் செய்யும்போது, அதாவது அழுத்திய கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றும்போது, இழுபடுவது உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு மட்டும்தான், சுற்று வெறும் எடை. அதனால் சுருதி ஏறுவதற்குக் கம்பியை அதிக தூரம் தள்ள வேண்டும். இழுவை கூடுதல் என்பதால் அதிக பலத்தோடும் தள்ள வேண்டும். எலக்ட்ரிக்கில் ஒரு முழு ஸ்வரம் சாதாரணமாக ஏற்றியவருக்கு இங்கே அரை ஸ்வரமே உழைப்பு. பெண்டுகளைச் சறுக்கலாகவும் ஹேமர் ஆனாகவும் (ஒலிக்கும் கம்பியை இடது கை விரலாலேயே தட்டி அடுத்த ஸ்வரம் எழுப்புவது) மாற்றி எழுதிக்கொள்வதுதான் நடைமுறை.

செட் செய்த வரிசை

வரிசை மாறினால் செய்த வேலையையே மறுபடி செய்ய வேண்டிவரும். கம்பி மாற்றம், கழுத்து, நட், சேடில் என்று போக வேண்டும்.

முதலில் 11–52 பாஸ்பர் ப்ரான்ஸ் செட். அகூஸ்டிக்கில் கம்பி மாற்றுவதே எலக்ட்ரிக்காரர்களுக்குப் புதிது. குமிழ் முனையைப் பிரிட்ஜ் துளையில் விட்டு, துளையை அடைக்கும் பின்னின் (ஆணியின்) பள்ளம் ஒலித்துளையைப் பார்க்கும்படி செருக வேண்டும். கட்டைவிரலால் பின்னை அழுத்திக்கொண்டே மறுகையால் கம்பியை மேலே இழுத்தால், குமிழ் உள்ளே இருக்கும் பலகையின் அடியில் போய்ச் சிக்கும். பின்னின் நுனியிலேயே குமிழ் உட்கார்ந்துவிட்டால் ட்யூன் செய்யும்போது பின் எகிறும். சுத்தியால் தட்டி இறுக்கக் கூடாது, பிரிட்ஜ் பிளக்கும். ட்யூனர் கம்பத்தில் இரண்டு மூன்று சுற்று போதும்.

அடுத்தது கழுத்து. கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டி, தடித்த ஈ-யை 14ஆம் ஃப்ரெட்டில் அழுத்தினால் கம்பியே நேர்கோல் ஆகிறது. ஆறாவது, ஏழாவது ஃப்ரெட்டில் தெரியும் இடைவெளிதான் நடுவளைவு, 0.15 முதல் 0.2 மி.மீ. இருந்தால் நன்று. அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். இசைக்கருவிக் கடையில் தேடி அலைய வேண்டாம்; டூவீலர் மெக்கானிக்குகள் டேப்பெட் செட் செய்யப் பயன்படுத்துகிற அதே கேஜ்தான், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். கழுத்தின் வளைவைத் திருத்த அதற்குள் இருக்கும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடுக்குக் கிட்டாரைப் பொறுத்து 4 அல்லது 5 மி.மீ. ஆலன் கீ. கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, ராடின் தலையைப் பார்த்தபடி வலப்பக்கமாகக் கால் சுற்று, பிறகு மறுபடி ட்யூன். ஒரே மூச்சில் முழுச் சுற்று திருப்பியவர்கள் ராடை முறித்திருக்கிறார்கள். இவருடைய கிட்டாருக்குக் கால் சுற்று போதுமாக இருந்தது. மரம் நிதானத்துக்கு வர ஓர் இரவு விட்டு, காலையில் அளந்தபோது 0.2 மி.மீ.

நட் வேலைதான் பொறுமை கேட்பது. கம்பியை இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் பார்க்க வேண்டும். அங்கே 0.05 மி.மீ. அளவுக்கு ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். கம்பியை விரலால் தட்டினால் மெல்லிய 'டிங்' கேட்கும். நட் ஃபைல் செட் விலை கூடியது. கேஸ் வெல்டிங் சாமான் விற்கும் இடத்தில் கிடைக்கும் டிப் கிளீனர் செட் மெல்லிய கம்பிகளின் பள்ளத்துக்கு நன்றாகவே உதவும்; தடித்த கம்பிகளுக்குப் பழைய சுற்றுக் கம்பித் துண்டையே ரம்பம்போல் இழுக்கலாம். பள்ளத்தின் அடி, தலைப் பக்கமாகச் சற்றே சரிய வேண்டும். கம்பி உட்காரும் உச்சி ஃப்ரெட்போர்டுப் பக்க விளிம்பில் இருந்தால்தான் சுருதி நிற்கும். பின்னால் போய்விட்டால் திறந்த கம்பி சிதார்போல் ரீங்காரம் போடும். மூன்று இழுப்பு, மறுபடி ட்யூன், அளவு, மறுபடி மூன்று இழுப்பு. கடைசியில் தடித்த ஈ-யில் 0.5, மெல்லிய ஈ-யில் 0.35 மி.மீ. கிடைத்தது.

அவசரத்தில் ஐந்தாவது கம்பியின் பள்ளம் ஆழமாகி, திறந்த ஏ ஜிர்ரென்றது. இது அடிக்கடி நடப்பது, சரி செய்யவும் முடியும். பள்ளத்தில் சிட்டிகை ஆப்ப சோடா, அதன்மேல் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. உடனே கல்லாக இறுகும், மறுபடி அராவலாம். சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள்ளாவிட்டால் பசை ஃப்ரெட்போர்டில் ஓடும். நிரந்தர வேலை வேண்டுமானால் எலும்பு நட் வாங்கிப் பொருத்துவதே மேல்.

கடைசியாக சேடில். நட்டும் கழுத்தும் இறங்கியதால் 12ஆம் ஃப்ரெட்டில் உயரம் தானே 3.2-லிருந்து 2.9-க்கு வந்திருந்தது. நட்டை விட்டுவிட்டு நேரே சேடிலை அராவியிருந்தால் இந்த 0.3-ஐயும் சேர்த்து எடுத்துவிட்டுப் பிறகு கம்பி ஃப்ரெட்டில் அடிப்பதற்கு அழுதிருக்க வேண்டும். குறி 2.4. குறைய வேண்டியது 0.5, சேடிலில் அதன் இரட்டிப்பு, 1.0 மி.மீ. எடுக்க வேண்டும், ஏனென்றால் 12ஆம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. மெல்லிய பக்கம் 2.25-லிருந்து 1.8-க்கு, 0.9 மி.மீ. சேடிலை உருவி, அடிப்பக்கத்தில் கூரான பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடித் தட்டின்மேல் விரித்த 220 நம்பர் உப்புத்தாளில் அடியைத் தேய்க்க வேண்டும். தலைப் பக்கம் கம்பிக்கான வளைவும் சுருதித் திருத்தமும் வெட்டப்பட்டிருக்கும், அதைத் தொடக் கூடாது. அடி ஆடாமல் சமமாக உட்கார வேண்டும். பீஸோ பிக்கப் (சேடிலின் அடியில் அழுத்தத்தை ஒலி மின்னலையாக மாற்றும் பட்டை) உள்ள கிட்டாரில் அடி கோணினால் ஒரு கம்பி ஓங்கி ஒலிக்கும், ஒன்று அமுங்கிப்போகும். பிரிட்ஜுக்கு மேலே குறைந்தது 2–3 மி.மீ. சேடில் மிஞ்சினால்தான் கம்பி அழுந்திச் சத்தம் வரும். இங்கே 3.5 மிஞ்சியது.

எலக்ட்ரிக்கின் 1.6-க்கே இறக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அகூஸ்டிக் கம்பியை பிக்கால் நன்றாக அடித்து மரத்தை எழுப்ப வேண்டும். அந்த வீச்சுக்கு இடம் வேண்டும். 2.0-க்குக் கீழே போன தடித்த ஈ, ஸ்ட்ரம்மிங்கில் ஃப்ரெட்டோடு சண்டை போடும்.

கை வலி போனது, தோள் வலி போகவில்லை

செட் செய்த பிறகு எஃப் நின்றது. கட்டைவிரல் வலி பத்து நாளில் போனது. தோள்பட்டை மட்டும் அப்படியே. காரணம் பெட்டியின் அளவு. நிலையான ட்ரெட்நாட்டின் கீழ் அகலம் சுமார் 397 மி.மீ., ஆழம் 124 மி.மீ.; அவர் பழகிய ஸ்ட்ராட் 45 மி.மீ. தடிமன். முழங்கை அந்த விளிம்பைத் தாண்டி வர, தோள் மேலேறி முன்னே வளைகிறது. இரண்டு மணி நேரத்துக்கு அப்படியே நிற்கிறது. இதை உப்புத்தாளால் சரி செய்ய முடியாது.

ட்ரெட்நாட் என்ற பெயரே 1906-இல் நீரில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலிலிருந்து வந்தது. பாட்டுக்குப் பின்னால் கார்டு தட்டி முழங்க அது அருமையான பெட்டி. எலக்ட்ரிக்காரருக்குப் பொருத்தமானது பெரும்பாலும் அதைவிடச் சிறியது: ஓ.எம்., ட்ரிபிள் ஓ, கான்சர்ட் என்று அழைக்கப்படும் அளவுகள். கீழ் அகலம் 380 மி.மீ. சுற்றி, ஆழம் 105 மி.மீ. சுற்றி, இடுப்பு ஒடுங்கியது. ஓ.எம். பிறந்த விதமும் இந்த நிகழ்வோடு ஒட்டியதுதான். 1929-இல் பெர்ரி பெக்டெல் என்ற பாஞ்சோ கலைஞர் கிட்டாருக்கு மாறுவதற்காக, உடலுக்கு வெளியே அதிக ஃப்ரெட் நீளும் கழுத்தை மார்ட்டின் நிறுவனத்திடம் கேட்டார்; அவர்கள் 14 ஃப்ரெட் வெளியே நீளும் கழுத்தைச் செய்தார்கள். அதுவரை 12 ஃப்ரெட்டே வழக்கம். வேறு கருவியில் பழகிய கை கேட்ட மாற்றம் பிறகு எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது.

ஆகவே இரண்டாவது தேடல் வேறு கேள்வியோடு தொடங்கியது. எந்தக் கம்பெனி, எந்த மரம் என்பதற்கு முன்னால், எந்த அளவு. தொடக்க விலையில் எடுத்துக்காட்டு சொன்னால், யமஹாவின் எஃப்.ஜி. 800, எஃப்.எஸ். 800 இரண்டும் முழு ஸ்ப்ரூஸ் மேல்பலகை கொண்டவை. முன்னது 650 மி.மீ. ஸ்கேல், 100–118 மி.மீ. ஆழம், பின்னது 634 மி.மீ. ஸ்கேல், 90–110 மி.மீ. ஆழம். இரண்டிலும் நட் அகலம் 43 மி.மீ., எலக்ட்ரிக்கின் 42-லிருந்து பெரிய தாவல் இல்லை. இவருக்கு எஃப்.எஸ். வகை அளவே பொருந்தியது. விரல் பின்னி வாசிப்பவர் 44.5 மி.மீ. நட்டைத் தேடலாம், பிக் மட்டும் பிடிப்பவருக்கு அது அவசியமில்லை.

மெலிந்த உடல் கொண்ட எலக்ட்ரோ அகூஸ்டிக் கிட்டார்கள் எலக்ட்ரிக்போலவே மடியில் உட்காரும், கை உடனே ஒத்துக்கொள்ளும். எப்போதும் மிக்சரில் செருகி வாசிப்பவருக்கு அது நல்ல தேர்வு. கேரலுக்கு வேண்டாம்; பெட்டிக்குள் காற்று குறைவதால் கீழ் ஸ்வரங்கள் மெலிந்து, பத்துப் பேர் பாடினால் கிட்டார் காணாமல் போகும்.

கடையில் பார்த்தவை

ஒரு கேப்போ, 60 செ.மீ. எஃகு ஸ்கேல், ஒரு துண்டுக் காகிதம். இவ்வளவுதான் எடுத்துப் போனது.

ஸ்கேலை ஃப்ரெட்டுகளின்மேல் நடுவாக நீளவாக்கில் வைத்தால் அதன் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்மட்டத்தைத் தொட வேண்டும், அல்லது மயிரளவு மேலே போக வேண்டும். பிரிட்ஜின் நெற்றியில் இரண்டு மி.மீ. கீழே முட்டினால் கழுத்தின் கோணமே தவறு. சேடிலை எவ்வளவு அராவினாலும் போதாது. கழுத்தைக் கழற்றிப் பொருத்தும் செலவு இந்த விலைக் கிட்டாருக்குத் தகாது. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காகிதத்தைப் பிரிட்ஜின் பின்விளிம்பில் செருகிப் பார்க்க வேண்டும். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. ஒலித்துளையின் விளிம்பில் மேல்பலகையின் ரேகை அப்படியே கீழே இறங்கினால் முழு மரம், அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஃப்ரெட் முனைகளை உள்ளங்கையால் தடவ வேண்டும். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக 14 வரை; இதை விட்டுவிடுகிறவர்கள்தான் ஒரே ஒரு உயர்ந்த ஃப்ரெட்டை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

இதற்கெல்லாம் பிறகு கை இல்லாத நாற்காலியில் இருபது நிமிடம் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தோள் பேசாது, பதினைந்தாவது நிமிடத்தில் பேசும்.

பணத்தையும் பிரித்து வைக்க வேண்டும். நூறு ரூபாய் இருந்தால் எண்பதைக் கிட்டாருக்கும் மீதியைச் செட்டிங், கம்பி, கடின உறைக்கும் ஒதுக்குவது எங்கள் பரிந்துரை. நூறையும் கிட்டாரில் போட்டுவிட்டுச் செட் செய்யாமல் வாசிப்பவர், விலை கூடிய கிட்டாரில் விலை குறைந்த கிட்டாரை வாசிக்கிறார்.

மலை ஏறும் மரம்

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு மணி நேரப் பயணம். எலக்ட்ரிக்கின் கட்டை உடலுக்கு இது ஒன்றுமில்லை. மூன்று மி.மீ. தடிமன்கூட இல்லாத மேல்பலகைக்கு இது பெரிய மாற்றம். சேலத்தில் 36 டிகிரியில் 35 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை அப்படியே 22 டிகிரிக்குக் குளிரவைத்தால் ஈரப்பதம் 80 சதவீதத்தை நெருங்கிவிடும். மழை, மூடுபனி நாட்களைச் சொல்லவே வேண்டாம். கிட்டாருக்கு உகந்தது 45–55.

இரண்டு மணி நேரத்தில் மரம் ஊறிவிடாது. ஆனால் ஆடி, ஆவணியில் இரண்டு மூன்று நாள் மலையிலேயே தங்கினால் மேல்பலகை உப்பி, பிரிட்ஜ் உயர்ந்து, 12ஆம் ஃப்ரெட்டில் 0.3 முதல் 0.5 மி.மீ. ஏறக்கூடும், சத்தமும் மந்தமாகும். சித்திரை, வைகாசியில் சேலத்தில் நேர் எதிர்: பலகை சுருங்கி, ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) இறங்கி, கம்பி ஃப்ரெட்டில் உரசும்; ஃப்ரெட்போர்டு சுருங்கியதால் ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். இன்னும் காய்ந்தால் வெடிப்பு. ஏப்ரலில் சேலத்தில் செட் செய்த கிட்டார் ஜூலையில் ஏற்காட்டில் கனமாக இருக்கிறதென்றால் வாசிப்பவர் பழுது இல்லை அது.

இதற்குச் செய்தது, இரண்டு சேடில். ஏப்ரலில் உரசாத உயரத்தில் ஒன்று, மழைக்காலத்துக்கு அதைவிட 0.7 மி.மீ. குறைந்த ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் மாதம் எழுதி உறையில் வைத்துக்கொண்டார். ட்ரஸ் ராடைப் பருவத்துக்குப் பருவம் திருகுவதைவிட இது பாதுகாப்பு. உப்பிய பலகையை ராடு சரி செய்யாது, அது கழுத்துக்கு மட்டும்.

உறைக்குள் ஒரு சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி. மலிவானவை பத்துப் புள்ளி வரை பொய் சொல்லும் என்பதால் முதலில் சோதிக்க வேண்டும்: பாட்டில் மூடியில் சமையல் உப்பை எடுத்து, சேறுபோல ஆகும்வரை சில சொட்டு நீர் விட்டு, ஈரப்பதமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் மூடிவைத்தால் அது 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் எப்போதும் 7 கூட்டிப் படிக்க வேண்டும். உறைக்குள் சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போடுவது தவறு. அது எங்கே நிறுத்துவது என்று அறியாமல் உறிஞ்சும். ஈரத்தை வாங்கவும் விடவும் செய்யும் இருவழிப் பாக்கெட், 49 சதவீத வகை, நல்ல உறையோடு சேர்ந்தால் வேலை செய்யும்; துணி உறையில் பயனில்லை.

மேலே போனதும் உறையை உடனே திறக்க வேண்டாம். அரை மணி நேரம் மூடியபடி வைத்தால் மரம் மெதுவாகக் குளிரும். குளிரில் எஃகு சுருங்கிச் சுருதி ஏறியிருக்கும், பிறகு ட்யூன் செய்ய வேண்டும். நெருப்புக்கு மிக அருகே உட்கார்ந்து வாசிப்பது ஒரு பக்கம் காய்ச்சல், மறுபக்கம் பனி. இரண்டு மீட்டராவது தள்ளி உட்கார வேண்டும். கீழே சேலத்தில் வெயிலில் நிறுத்திய காருக்குள் விடவே கூடாது. மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பசை இளகி, 67 கிலோ இழுவையில் பிரிட்ஜ் முன்னே சரியும்.

வலது கையும் கட்டையும்

எலக்ட்ரிக்கில் ஒலியைத் தாங்கிப் பிடிப்பது ஆம்ப். அகூஸ்டிக்கில் அடித்த ஸ்வரம் சில நொடியில் அடங்கும். டிஸ்டார்ஷனில் சுவர்போல் நின்ற இரண்டு ஸ்வரப் பவர் கார்டு இங்கே ஓட்டை வீடாகக் கேட்கும். ஆகவே திறந்த கம்பிகள் கலந்த கார்டுகள், கட்டை விரலோ பிக்கோ தாங்கும் பேஸ் ஸ்வரம், அதற்கு நடுவே ஸ்ட்ரம். பிக் 0.6 முதல் 0.73 மி.மீ. ஸ்ட்ரம்முக்கு, 0.88 தனி ஸ்வரத்துக்கு. பிரிட்ஜ் ஓரத்திலேயே அடித்துப் பழகிய கை, ஒலித்துளையின் பின்விளிம்புக்கு நகர வேண்டும். அங்கேதான் பெட்டி முழுதாகப் பேசும்.

கேப்போ இங்கே அலங்காரம் இல்லை. பாடகர் ஒன்றரைக் கட்டை என்றால் சி ஷார்ப்: முதல் ஃப்ரெட்டில் கேப்போ, சி வடிவங்கள்; அல்லது நான்காம் ஃப்ரெட்டில் கேப்போ, ஏ வடிவங்கள். இரண்டரைக் கட்டை டி ஷார்ப்: முதல் ஃப்ரெட்டில் டி வடிவம், அல்லது மூன்றில் சி வடிவம். ஐந்தரைக் கட்டை ஜி ஷார்ப்: முதல் ஃப்ரெட்டில் ஜி வடிவம், நான்கில் ஈ வடிவம். எலக்ட்ரிக்காரர் இவற்றையெல்லாம் பார் கார்டிலேயே சமாளிக்கப் பார்ப்பார். சமாளிக்கலாம், ஆனால் திறந்த கம்பி ஒலிக்காத அகூஸ்டிக் பாதி அகூஸ்டிக்தான். கேப்போவை ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் மாட்டி, மாட்டியதும் ட்யூனரில் ஒரு முறை பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாளில் 15 நிமிடமாக மூன்று முறை, நடுவே ஒரு மணி நேர இடைவெளி. மூன்றாம் வாரத்திலிருந்து முக்கால் மணி நேரம் தொடர்ந்து. எலக்ட்ரிக்கை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. ஆனால் அன்றைய முதல் வாசிப்பு அகூஸ்டிக்காக இருக்கட்டும். தலைகீழாகச் செய்தால் கம்பி இரும்புக் கயிறாகத் தோன்றும்.

மேடையில் செருக வேண்டியபோது

சேடிலுக்கு அடியில் இருக்கும் பீஸோவைத் தன் பழைய கிட்டார் ஆம்பில் செருகினார். தகரம் தட்டுவதுபோல் கேட்டது. எலக்ட்ரிக் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சரிந்துவிடும், நடு அலைவரிசை அதற்கேற்றபடி வளைக்கப்பட்டது. டி.ஐ. பாக்ஸ் (கிட்டாரின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக மிக்சருக்குப் போவதே சரி. ஒலித்துளையில் மாட்டும் காந்தப் பிக்கப்பும் கிடைக்கிறது. ஆனால் வெண்கலச் சுற்றைக் காந்தம் அறியாது, உள்ளிருக்கும் எஃகை மட்டும் அறியும். சுற்றில்லாத இரண்டு மெல்லிய கம்பிகளும் ஓங்கிக் கேட்கும். உயரம் சரிசெய்யும் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மண்டபத்தில் ஊளையிட்டால் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தைக் குறைத்து, ஒலித்துளைக்கு ரப்பர் மூடி போட வேண்டும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிட வேண்டும். செருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

மீதமான ஒன்று

எட்டாவது வாரத்தில் கேம்ப்ஃபயரின் இரண்டு மணி நேரமும் வலியில்லாமல் நடந்தது. பழைய ட்ரெட்நாட்டை விற்காமல், அது தோளுக்குப் பொருந்துகிற உயரமான நண்பருக்குக் கேரலில் ஸ்ட்ரம்முக்குக் கொடுத்தார்; சிறிய பெட்டியும் பெரிய பெட்டியும் சேர்ந்தால் ஒன்றையொன்று மறைக்காது.

தீராதது ஜி கம்பிப் பெண்ட். சுற்றுக் கம்பியை எடுத்துவிட்டு 0.018 வெறும் கம்பி போட்டுப் பார்த்தார். பெண்ட் வந்தது, சுருதி போனது. சேடிலின் அந்த இடம் சுற்றுக் கம்பிக்காக முன்னே வெட்டப்பட்டது, வெறும் கம்பி அங்கே 12ஆம் ஃப்ரெட்டில் ஏறியே ஒலிக்கும். அந்தக் கம்பிக்கு மட்டும் சேடிலின் உச்சியைப் பின்னே தள்ளி வேறொரு சேடில் செதுக்கலாம். முழு ஸ்வரப் பெண்ட் உள்ள இரண்டு பாட்டுக்காக அதைச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்து, 0.022 கம்பியையே திரும்பக் கட்டினார். அந்த இரண்டும் ஞாயிற்றுக்கிழமைக்கும் எலக்ட்ரிக்குக்கும் போய்விட்டன.